ஏஎம்டியா, இன்டெலா: டர்பன் புழுக்கத்துக்கும் இன்வெர்ட்டருக்கும் எது ஒத்துவரும்?

மேல்தட்டு டெஸ்க்டாப் பூட்ட நினைப்பவர்கள் இன்று நான்கு ப்ராசசர்களுக்குள்தான் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். ஏஎம்டி பக்கம் ரைசன் 7 9800எக்ஸ்3டி, ரைசன் 9 9950எக்ஸ், 9950எக்ஸ்3டி. இன்டெல் பக்கம் கோர் அல்ட்ரா 9 285கே. கையைக் கொஞ்சம் சுருக்கினால் 285கே இருந்த இடத்தில் கோர் அல்ட்ரா 7 265கே வந்து உட்காரும். கொடுக்கும் காசுக்கு இன்டெலின் வரிசையில் அதுதான் நல்ல சரக்கு.

வெளிநாட்டு விமர்சனங்கள் எல்லாம் ஏசி ஓடும் அறையில், அறுபடாத மின்சாரத்தில் எடுத்த அளவுகள். தென்னாப்பிரிக்கக் கோடையான ஜனவரி மாத டர்பன், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில் ஜோகன்னஸ்பர்க் பக்கம் இருக்கும் லெனேசியா, இன்வெர்ட்டரில் ஓடும் வீடு இவற்றை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. அதை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் தராசு ஏஎம்டி பக்கமே சாய்கிறது. வீடியோ எடிட்டிங் ஒன்றுதான் பெரிய விதிவிலக்கு.

வேகம்

285கே-யில் 24 கோர். எட்டு பெரியவை, பதினாறு சிறியவை. ஒரு கோரே இரண்டு வேலை இழைகளை (த்ரெட்) ஓட்டும் ஹைப்பர்த்ரெடிங்கை இன்டெல் இந்தத் தலைமுறையில் எடுத்துவிட்டதால் த்ரெட்டும் 24-தான். 9950எக்ஸில் 16 கோர், 32 த்ரெட், எல்லாமே ஒரே ரகம். இரண்டும் 5.7 கிகாஹெர்ட்ஸ் வரை போகும். ரெண்டரிங் சோதனைகளில் இரண்டும் ஏறக்குறைய தோளோடு தோள். நிரல் கம்பைல் செய்வதிலும் கோப்புகளைச் சுருக்கி விரிப்பதிலும் 9950எக்ஸ் பெரும்பாலும் முன்னே நிற்கும். ஏவிஎக்ஸ்-512 (ஒரே கட்டளையில் நிறையத் தரவைக் கணக்கிடும் வசதி) பயன்படுத்தும் மென்பொருள் உங்கள் வேலையில் இருந்தால் பேச்சே இல்லை, 285கே-யில் அந்த வசதியே கிடையாது.

கேம் என்றால் இன்னும் சுலபம். 2024 நவம்பரில் வந்த 9800எக்ஸ்3டி-யில் எட்டே கோர்தான். ஆனால் ப்ராசசருக்குள்ளேயே 96 மெகாபைட் எல்3 கேஷ் என்னும் வேக நினைவகம். கேம் அடிக்கடி தேடும் தரவு ராம் வரை போகாமல் உள்ளேயே கிடைத்துவிடுகிறது. இன்டெலின் புதிய வடிவமைப்பில் மெமரி கன்ட்ரோலர் கோர்கள் இருக்கும் சில்லுத் துண்டை விட்டு வேறொரு துண்டுக்குப் போய்விட்டதால் ராமைத் தொட்டு வர நேரம் கூடிவிட்டது. 285கே வெளிவந்தபோது பல கேம்களில் இன்டெலின் சொந்த 14900கே-யிடமே தோற்றதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பிறகு வந்த பயாஸ் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்), விண்டோஸ் திருத்தங்கள் கொஞ்சம் மீட்டன, முழுதாக அல்ல.

ஆனால் ஒன்று. இந்த வித்தியாசம் 1080பி-யில், வேகமான மானிட்டரில் பளிச்சென்று தெரியும். 4கே-யில் எல்லா அலங்காரமும் போட்டு விளையாடினால் கிராபிக்ஸ் கார்டுதான் மூச்சு வாங்கும், ப்ராசசர் சும்மா நிற்கும். அங்கே ப்ராசசருக்குக் கொட்டும் கூடுதல் ராண்டைக் கார்டில் போடுவதே புத்திசாலித்தனம்.

9950எக்ஸ்3டி வேலை வேகம், கேம் வேகம் இரண்டையும் ஒரே பெட்டியில் தருவதாகச் சொல்கிறது, பெரும்பாலும் தருகிறது. ஆனால் கூடுதல் கேஷ் எட்டு கோர் உள்ள ஒரு பாதியின் மேல்தான் இருக்கிறது. கேம் அந்தப் பாதிக்குத்தான் போக வேண்டும் என்பதை விண்டோஸ், ஏஎம்டி சிப்செட் டிரைவர், எக்ஸ்பாக்ஸ் கேம் பார் மூன்றும் சேர்ந்து முடிவு செய்கின்றன. பழைய ப்ராசசரைக் கழற்றிவிட்டு இதை மாட்டி, விண்டோஸை அப்படியே விட்டால் குழப்பம் வரும். கேம் தவறான பாதியில் ஓடி, 9800எக்ஸ்3டி-யைவிட மெதுவாக இருக்கும். விண்டோஸைப் புதிதாகப் போட்டு, சிப்செட் டிரைவரை முதலில் நிறுவினால் தீரும். கேம் பாரை வேண்டாத சாமான் என்று அழிப்பவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுவது.

கல்யாண வீடியோ எடுப்பவர்கள் கவனிக்க

டர்பனின் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் வட்டாரத்தில் கல்யாணமும் தைப்பூசக் காவடியும் படம்பிடித்துப் பிழைப்பவர்களுக்கு இந்த இடம் முக்கியம். இன்றைய சோனி, கேனன் கேமராக்கள் பல, நிறத் தகவலை அதிகம் வைத்திருக்கும் 4:2:2 10-பிட் எச்.265 என்ற சுருக்க முறையில் பதிவு செய்கின்றன. இன்டெல் ப்ராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸின் குவிக் சிங்க் இந்த வகையை வன்பொருளிலேயே விரித்துக் கொடுக்கும். ரைசனுக்குள் இருக்கும் சின்ன கிராபிக்ஸுக்கு அது வராது. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 40 தொடர் வரைக்கும் வராது, 50 தொடரில்தான் சேர்த்தார்கள்.

ஆகையால் கையில் ஆர்டிஎக்ஸ் 3080, 4070 போன்ற பழைய கார்டு இருக்கிறது, அதை மாற்றும் எண்ணம் இல்லை என்றால் 265கே-யோ 285கே-யோ வாங்குங்கள். டைம்லைன் இழுத்த இழுப்புக்கு வரும், ப்ராக்ஸி கோப்பு (எடிட்டிங்குக்கான இலகுவான நகல்) உருவாக்கும் நேரம் மிச்சம். பயாஸில் உள் கிராபிக்ஸ் தானாக அணைந்துபோகாமல் 'எனேபிள்' என்று வைத்திருக்க வேண்டும். தனிக் கார்டு மாட்டியதும் சில போர்டுகள் அதை அணைத்துவிடும், பிறகு குவிக் சிங்க் எங்கே என்று தேடுவார்கள். ஆர்டிஎக்ஸ் 50 தொடர் கார்டோடு புதிதாகப் பூட்டுபவருக்கு இந்தக் காரணம் அநேகமாக விழுந்துவிடுகிறது.

வாட் கணக்கு

காகிதத்தில் 285கே-யின் உச்சம் 250 வாட். 9950எக்ஸ் 170 வாட் என்று பெட்டியில் போட்டிருக்கும், உண்மையில் சாக்கெட்டுக்கு 200 வாட் வரை இழுக்கும். 9800எக்ஸ்3டி-யின் உச்ச வரம்பு 162, கேம் ஓடும்போது அதில் பாதியளவிலேயே பெரும்பாலும் நிற்கும்.

சும்மா நிற்கும்போது கதை தலைகீழ். ரைசன் துண்டு துண்டான வடிவமைப்பு என்பதால் ஒன்றும் செய்யாதபோதும் இன்டெலைவிடப் பத்து இருபது வாட் கூடக் குடிக்கும். இருபது வாட், நாளுக்குப் பத்து மணி நேரம் என்றால் வருடத்துக்கு 73 யூனிட். யூனிட் மூன்று ராண்ட் என்று வைத்தாலும் 219 ராண்ட். இதை வைத்து ப்ராசசரைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

உண்மையான சிக்கல் மின்வெட்டில். 2024 மார்ச் இறுதியிலிருந்து அரசு மின் நிறுவனமான எஸ்காம் நீண்ட நாள் வெட்டாமல் இருந்தது, 2025-ல் மறுபடி தலைகாட்டியது. எஸ்காம் வெட்டாவிட்டாலும் நகராட்சிக் கேபிள் பழுது என்று ஒன்று இருக்கவே இருக்கிறது. ஒரு முழு மெஷினைக் கூட்டிப் பார்ப்போம்: 9950எக்ஸ் 200 வாட், ஆர்டிஎக்ஸ் 5080 கார்டு 360, மற்றவை 80. மொத்தம் 640. பவர் சப்ளை 90 சதவீதத் திறன் என்றால் சுவரிலிருந்து 711. மானிட்டருக்கு 50 சேர்த்தால் 760-ஐத் தொடுகிறது. கடையில் 1000 விஏ என்று விற்கும் சாதா யுபிஎஸ் பலவற்றின் உண்மைத் திறன் 600 வாட். ரெண்டர் நடுவே கரண்ட் போனால் அலறிவிட்டு அணைந்துவிடும்.

இங்கே ஏஎம்டிக்கு ஒரு வசதி. பயாஸில் ஈக்கோ மோடு என்னும் சிக்கன அமைப்பில் 105 வாட் என்று தேர்ந்தால் 9950எக்ஸ் 142 வாட்டுக்குள் அடங்கிவிடும். இழப்பு பத்து சதவீதத்துக்குள்தான். இன்டெலிலும் உச்ச வரம்பைக் கையால் 250-லிருந்து 160, 125 என்று இறக்கலாம். இரண்டில் எதை வாங்கினாலும் டர்பன் கோடையில் இதைச் செய்து வைப்பது நல்லது, மேஜைக்கு அடியில் ஒரு ஹீட்டர் குறையும்.

இன்வெர்ட்டரில் இரண்டு விஷயம் பாருங்கள். அலை சுத்த சைன் அலையாக இருக்க வேண்டும். விலை குறைந்த யுபிஎஸ் தரும் படிக்கட்டு அலையில் ஆக்டிவ் பிஎஃப்சி (மின்னோட்டத்தை அலையோடு ஒத்திசைக்கும் சுற்று) உள்ள நல்ல பவர் சப்ளைகள் சில நேரம் அப்படியே அணைந்துவிடும். அடுத்தது மாறும் நேரம். வீட்டு இன்வெர்ட்டரில் யுபிஎஸ் மோடு, அப்ளையன்ஸ் மோடு என்று இரண்டு இருந்தால் முதலாவதில் ஏறக்குறைய 10 மில்லி நொடி, இரண்டாவதில் 20. பவர் சப்ளை மூச்சைப் பிடித்து நிற்பது முழுச் சுமையில் பொதுவாகப் பதினாறு, பதினேழு மில்லி நொடிதான். மின்வெட்டின்போது கம்ப்யூட்டர் மட்டும் ரீஸ்டார்ட் ஆகிறது என்று புலம்புகிறவர்கள் முதலில் இந்த அமைப்பைப் பார்க்க வேண்டும். குற்றம் ப்ராசசரில் இல்லை.

வெப்பம், உயரம், உப்புக்காற்று

9950எக்ஸ் முழுச் சுமையில் 95 டிகிரியைத் தொட்டால் பதற வேண்டியதில்லை, அதன் வரம்பே அதுதான், அங்கே போய் நின்றுகொண்டு வேகத்தைச் சரிக்கட்டும். இன்டெலின் வரம்பு 105. ஆனால் சில்லின் பரப்பு சிறிது என்பதால் ரைசனின் சூட்டை வெளியே இழுப்பது கொஞ்சம் கடினம். பெரிய ரேடியேட்டர் போட்டாலும் எதிர்பார்த்த அளவு இறங்காது. 285கே, 9950எக்ஸ் இரண்டுக்கும் 360 மில்லிமீட்டர் லிக்விட் கூலர். 9800எக்ஸ்3டி-க்கு இரட்டைக் கோபுர ஏர் கூலரே தாராளம். முந்தைய தலைமுறையில் கூடுதல் கேஷ் கோர்களுக்கு மேலே அமர்ந்து சூட்டை மறித்தது, இதில் கீழே போய்விட்டது.

ஜோகன்னஸ்பர்க் இருக்கும் கௌட்டெங் மாகாண வாசிகளுக்கு ஒரு வார்த்தை. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. அதே ஃபேன், அதே சுழற்சி, ஆனால் குறைந்த காற்று. டர்பன் நண்பரின் மெஷினைவிடச் சில டிகிரி கூடத்தான் காட்டும். டர்பன்காரருக்கு வேறு தொல்லை: மெரிபேங்க், ஐசிப்பிங்கோ போல் கடலை ஒட்டிய வீடுகளில் உப்பு ஈரம் ஃபேன் அச்சையும் கனெக்டர்களையும் அரிக்கும். மாதக்கணக்கில் அணைத்து வைப்பதைவிட அவ்வப்போது ஓடவிடுவது மேல்.

உண்மையில் வாங்குவது சாக்கெட்டைத்தான்

ராண்ட் விலையில் மதர்போர்டு ஒன்றும் சில்லறைச் செலவல்ல. ப்ராசசர் உட்காரும் சாக்கெட் மாறினால் போர்டும் மாற வேண்டும். ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2017-ல் வாங்கிய பல போர்டுகளில் 2022-ல் வந்த 5800எக்ஸ்3டி-யை பயாஸ் மாற்றியே ஓட்ட முடிந்தது. 2022-ல் வந்த ஏஎம்5-ஐ 2027-க்கும் அப்பால் தொடர்வதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. இன்டெல் வழக்கமாக இரண்டு, மிஞ்சினால் மூன்று தலைமுறைக்கு ஒருமுறை சாக்கெட்டை மாற்றும். 285கே உட்காரும் எல்ஜிஏ1851-ஐ நம்பி நாளைய மேம்பாட்டுக்குத் திட்டம் போடுவது வீண். ஐந்தாறு வருடம் கழித்து முழுப் பெட்டியையும் மாற்றுவதுதான் உங்கள் பழக்கம் என்றால் இது பொருட்டே இல்லை.

ஏஎம்டி போர்டில் பெயரைப் பார்த்து ஏமாறக்கூடாது. எக்ஸ்870 போர்டில் இருக்கும் சிப்செட் (போர்டின் துணைச் சில்லு) பி850-ல் இருக்கும் அதே ஒற்றைச் சில்லுதான். எக்ஸ்870ஈ-யில்தான் இரண்டு. எக்ஸ்870 வரிசையில் யுஎஸ்பி4 கட்டாயம் என்பதால் அது ப்ராசசரின் நான்கு லேன்களை (தரவுப் பாதைகளை) எடுத்துக்கொள்கிறது. பல போர்டுகளில் எஸ்எஸ்டி-க்கான எம்.2 ஸ்லாட்களில் இரண்டாவதில் எஸ்எஸ்டி மாட்டினால் யுஎஸ்பி4 பாதி வேகத்துக்கு இறங்கும், அல்லது கிராபிக்ஸ் ஸ்லாட் 16 லேனிலிருந்து 8-க்கு வந்துவிடும். மேனுவலில் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். இன்டெலின் இசட்890 போர்டுகளில் இந்த இழுபறி குறைவு.

பழைய இன்டெல் 13900கே, 14900கே செகண்ட்ஹேண்டில் மலிவாக வரும். அவற்றில் மின்னழுத்தக் கோளாறால் கோர் நிரந்தரமாகக் கெட்டுப்போவதை இன்டெல் 2024-ல் ஒப்புக்கொண்டு, பெட்டியோடு விற்றவற்றுக்கு வாரண்டியை இரண்டு வருடம் நீட்டியது. பயாஸோடு வரும் புதிய மைக்ரோகோட் (ப்ராசசரின் உள் மென்பொருள்) மேற்கொண்டு கெடாமல் காக்கும், கெட்டதைத் திருப்பித் தராது. பழைய பயாஸில் ஒரு வருடம் ஓடிய சில்லை எந்த விலைக்கும் தொடாதீர்கள். ஏஎம்டியும் பத்தினி இல்லை. 2023-ல் போர்டுகள் ப்ராசசரின் எஸ்ஓசி பகுதிக்கு (மெமரி கன்ட்ரோலர் இருக்கும் பகுதி) அதிக மின்னழுத்தம் கொடுத்ததால் 7800எக்ஸ்3டி-கள் கருகின, பிறகு 1.3 வோல்ட் என்று வரம்பு கட்டினார்கள். ஆக, எந்தப் பக்கம் போனாலும் முதல் வேலை பயாஸைப் புதுப்பிப்பது.

ராமும் முதல் பூட்டும்

இரண்டுக்கும் டிடிஆர்5 மட்டுமே. 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறிய ஏற்றத்தில் இதுவே பட்ஜெட்டைத் தின்றுவிடும். ரைசனுக்கு 6000 வேகம், சிஎல்30 (தாமத அளவு), இரண்டு குச்சி. அதற்கு மேல் போனால் பலன் சொற்பம். இன்டெலுக்கு 6400-லிருந்து 7200 வரை எளிதாக ஓடும். நான்கு குச்சி மாட்டும் ஆசையை இரண்டிலும் விட்டுவிடுங்கள். ரைசன் 9000-ல் நான்குக்கு ஏஎம்டி உறுதி சொல்லும் வேகம் 3600 மட்டும். 96 ஜிபி வேண்டுமா, 48 ஜிபி இரண்டு. பிழையைத் தானே திருத்தும் இசிசி ராம் வேண்டுபவருக்கு ஏஎம்5 போர்டுகள் பலவற்றில் வழி உண்டு. இன்டெலில் டபிள்யூ880 சிப்செட் போர்டு தேட வேண்டும்.

ஏஎம்5-ல் முதல் முறை ஆன் செய்ததும் திரை கறுப்பாகவே இருக்கும். போர்டு ராமைச் சோதித்துப் பழக்கிக்கொண்டிருக்கிறது. ஐந்து நிமிடம், சில நேரம் பத்தும் ஆகலாம். பயந்து பட்டனை அழுத்தி அணைத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். மின்னழுத்தத்தைக் குறைக்க பயாஸின் கர்வ் ஆப்டிமைசர் அமைப்பில் மைனஸ் 15, 20 என்று வைப்பவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை: அது தவறினால் முழுச் சுமையில் விழாது, சும்மா பிரௌசர் திறந்து வைத்திருக்கும்போது விழும். கோர் கோராகச் சோதித்த பிறகே நம்புங்கள்.

கடையில் நெடுநாள் கிடந்த ஏஎம்5 போர்டு 9000 தொடரை அடையாளம் காணாமல் போகலாம். பின்பக்கம் பயாஸ் ஃப்ளாஷ்பேக் பட்டன் (ப்ராசசர் இயங்காமலே பயாஸைப் புதுப்பிக்க) உள்ள போர்டாகத் தேர்ந்தெடுங்கள். எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவில், மேனுவல் சொல்லும் பெயரிட்டு ஃபைலைப் போட்டு, 24-பின், 8-பின் கேபிள்களை மட்டும் மாட்டி, பட்டனை மூன்று நொடி அழுத்தினால் விளக்கு மினுங்கத் தொடங்கும். அது நிற்கும்வரை கரண்ட் போகக்கூடாது. அன்று மட்டுமாவது மெஷினை யுபிஎஸ்ஸில் மாட்டுங்கள்.

ப்ராசசரைப் பெட்டியோடு வாங்குங்கள், பெட்டியில்லாமல் மொத்தச் சரக்காகத் தட்டில் வருவதை அல்ல. பெட்டிக்கு இரு நிறுவனங்களும் மூன்று வருட வாரண்டி தருகின்றன, தட்டுச் சரக்கில் கடைக்காரரோடுதான் மல்லுக்கட்டு. உள்ளூரில் வாங்கினால் 2008-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஆறு மாதத்துக்குள் பழுதான பொருளைச் சரிசெய்யவோ, மாற்றவோ, பணத்தைத் திரும்பப் பெறவோ உங்கள் விருப்பத்துக்கு விடுகிறது. வெளிநாட்டிலிருந்து தருவித்தால் அந்த உரிமையை நிலைநாட்டுவது பெரும்பாடு. போதாததற்கு மதிப்போடு பத்து சதவீதம் கூட்டி, அதன்மேல் 15 சதவீத மதிப்புக்கூட்டு வரி போடுவார்கள். டாலரில் மலிவாகத் தெரிந்தது வீட்டு வாசலுக்கு வரும்போது பெரும்பாலும் அவ்வளவு மலிவாக இருக்காது.