எடை கூடிய செஸ்னா: கணக்கா, தராசா?

பழைய செஸ்னா 172 (நாலு பேர் போகும் சின்ன விமானம்) ஒன்றின் வெற்று எடை, அதாவது ஆள், சாமான், பயன்படும் எரிபொருள் இல்லாத எடை, ஏறிவிட்டதாகச் சந்தேகம். எங்கே தேடுவது?

லாக்புக்கையும் (பராமரிப்புப் பதிவேடு) உபகரணப் பட்டியலையும் வைத்துக் கணக்குப் பார்ப்பதில் பெரிய செலவில்லை. எந்த ரேடியோ ஏறியது, எது இறங்கியது என்று தெரிந்துவிடும். ஆனால் எழுதாததை அது சொல்லாது. பழைய பெயிண்டைச் சுரண்டாமல் மேலேயே அடித்த புதுப் பூச்சு, ஈரம் குடித்த ஸ்பாஞ்சு, ரேடியோவைக் கழற்றியவர் பேனலுக்குப் பின்னால் அப்படியே விட்டுப்போன வயர்க் கட்டு, இதற்கெல்லாம் காகிதத்தில் ஒரு வரிகூட இருக்காது.

தராசு இதையெல்லாம் சேர்த்தே காட்டும், ஒழுங்காக எடை போட்டால். மூன்று சக்கரத்துக்கும் அடியில் தராசு, விமானம் மட்டமாக, ஹேங்கர் கதவு சாத்தியிருக்க வேண்டும். இறக்கையில் காற்றுப் பட்டாலே எண் ஆடும். எரிபொருளில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 172என் மாடலின் சாதாரண டேங்கில் 43 கேலன் பிடிக்கும், பயன்படுவது 40. எஞ்சினுக்கு எட்டாத மிச்சம் 3 கேலன், சுமார் 8 கிலோ, வெற்று எடையில் சேர வேண்டியது. முழுக்க வடித்துவிட்டு அதைக் கூட்ட மறந்தால் கனத்த விமானமும் ஒல்லியாகத் தெரியும்.

சரி, தராசு எவ்வளவு என்று சொல்லும், ஏன் என்று சொல்லாது. நானானால் முதலில் எடை போடுவேன். அப்புறம் அந்த வித்தியாசத்தோடு லாக்புக்கைப் புரட்டுவேன். அதிலும் சிக்காத கிலோவுக்குக் கார்பெட்டைத் தூக்கிப் பார்க்க வேண்டியதுதான்.