கார்ட்டூனில் பாடும் பூனை: அது கவர் வெர்ஷனா?

ஒருவர் பாடிய பாட்டை வேறொருவர் மீண்டும் பாடுவதைக் கவர் என்பார்கள். இந்தக் கவர் பாடல்களைத் தேடித் தொகுப்பவர்கள் கார்ட்டூன் பக்கம் வந்ததும் இரு கட்சியாகிவிடுகிறார்கள். தனி இசைத்தட்டாக வெளிவந்தால்தான் கவர் என்பது ஒரு கட்சி. மூலப் பாடகர் அல்லாத வேறு யார் எங்கே பாடினாலும் கவர்தான் என்பது மறு கட்சி.

இசைத்தட்டுக் கட்சிக்குச் சட்டம் துணை நிற்பதுபோலத் தோன்றும். அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 115ஆவது பிரிவு, ஏற்கெனவே வெளியான பாடலை இன்னொருவர் பாடிப் பதிவுசெய்து வெளியிடக் கட்டாய உரிமம் தருகிறது, அதாவது உரிமையாளரின் சம்மதம் இல்லாமலே கட்டணம் செலுத்திப் பெறும் உரிமம். படத்தோடு இணைந்து வரும் ஒலிக்கு அது செல்லாது என்பதால், கார்ட்டூன் எடுப்பவர் பாடலின் உரிமையாளரிடம் தனியாகப் பேசி அனுமதி வாங்கியாக வேண்டும். ஆனால் உரிமத்தின் வகை, பணம் எந்த வழியில் போகிறது என்பதைத்தான் காட்டும். பாட்டு மீண்டும் பாடப்பட்டதா என்பதைக் காட்டாது.

1946இல் வெளியான டாம் அண்ட் ஜெர்ரி படமான 'சாலிட் செரனேட்'டைப் பாருங்கள். காவல் நாயைக் கட்டிப்போட்டுவிட்டு, தன்னைவிடப் பெரிய டபுள் பேஸ் என்னும் தந்தி வாத்தியத்தை மீட்டியபடி, லூயிஸ் ஜோர்டன் 1944இல் பிரபலமாக்கிய 'இஸ் யூ இஸ் ஆர் இஸ் யூ எய்ன்ட் மை பேபி' பாடலை டாம் காதலிக்காகப் பாடுகிறது. அந்த இரைச்சலில் ஜெர்ரியின் தூக்கம் போகிறது. குரல் பக் வுட்ஸ் என்னும் வேறொரு பாடகருடையது. மெட்டு அதேதான், சொற்களும் அவைதாம். இதைக் கவர் இல்லை என்று தள்ளுவதற்கு, பாடுவது பூனை என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தெரியவில்லை.

அதற்காக மறு கட்சியையும் அப்படியே ஏற்க முடியாது. பெட்டி பூப் என்னும் கார்ட்டூன் நாயகியின் 1932ஆம் ஆண்டுப் படமான 'மின்னி த மூச்சர்'இல் பாடி ஆடுவது வால்ரஸ் என்னும் தந்தமுள்ள கடல் விலங்கின் உருவில் வரும் ஒரு பேய். குரலோ அந்தப் பாட்டுக்குச் சொந்தக்காரரான கேப் காலோவேயுடையது, நடனமும் அவருடைய அசைவுகளைப் படம்பிடித்து அதன்மேல் வரைந்தது. முகம் மாறியதால் பாடகர் மாறிவிடவில்லை. 1957இன் 'வாட்ஸ் ஆப்பரா, டாக்?' படத்தில் வேட்டைக்காரன் எல்மர் ஃபட், ஆப்பரா இசையமைப்பாளர் வாக்னரின் மெட்டுக்கு முயல் வேட்டையைச் சொல்லிப் பாடுவது பகடி. சொல் மாறிய இடத்தில் கவர் என்ற பேச்சுக்கே இடமில்லை. 1969இன் 'சுகர், சுகர்' நிலைமையோ தலைகீழ்: ஆர்ச்சீஸ் என்ற கார்ட்டூன் இசைக்குழுவின் பெயரில் வந்ததே மூலம், அடுத்த ஆண்டு வில்சன் பிக்கெட் பாடியதுதான் கவர்.

ஆகவே குரல் வேறாக இருக்க வேண்டும், சொற்கள் மாறாதிருக்க வேண்டும், ஓரிரு வரி முணுமுணுப்பாக இல்லாமல் பாட்டாகவே பாடப்பட்டிருக்க வேண்டும். இவை பொருந்தினால் இசைத்தட்டு வந்ததா என்று கேட்காமலே பட்டியலில் சேர்ப்பேன்.

இந்த அளவுகோலும் 1955இன் 'ஒன் ஃப்ராகி ஈவ்னிங்' கார்ட்டூனில் பாடும் தவளையிடம் திணறுகிறது. அது பாடும் 'ஹலோ! மா பேபி' 1899இல் எழுதப்பட்டது. இசைத்தாளாக விற்று, பலரும் பாடிப் பரவிய காலத்துப் பாட்டில் மூலப் பாடகர் என்று ஒருவரைச் சுட்டுவது கடினம். அதே தவளை பாடும் 'த மிச்சிகன் ராக்' காதுக்கு அதே காலத்ததாகத்தான் கேட்கும், ஆனால் அது அந்தப் படத்துக்கென்றே புதிதாக எழுதப்பட்டது.