காரிலிருந்தா, கரையில் உட்கார்ந்தா?

கிருஷ்ணகிரி அணைப் பக்கம் பறவைப் படம் எடுக்க வருகிறவர்களில் இரண்டு கட்சி உண்டு. வண்டியை விட்டு இறங்காதவர்கள் ஒரு கட்சி. விடிவதற்குள் கரையில் போய் உட்கார்ந்துவிடுகிறவர்கள் இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி என்றாலும், முதல் கட்சியிடமும் நியாயம் இருக்கிறது.

நடந்து வரும் ஆளைக் கண்டு பறக்கும் பறவை, நிற்கும் காரைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. காவேரிப்பட்டணம் சாலையோர மின்கம்பியில் உட்காரும் பனங்காடை, கரிச்சானுக்கெல்லாம் கார்தான் சரி. ஜன்னலில் பயறு நிரப்பிய சின்னத் துணிப்பையை வைத்து, அதன்மேல் லென்ஸைச் சாய்த்துக்கொள்ளலாம். எஞ்சினை மட்டும் அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அதிர்வில் படம் கலங்கிவிடும்.

ஆனால் நீர்ப்பறவை என்று வந்தால் கார் தோற்றுவிடுகிறது. உயரத்திலிருந்து எடுப்பதால் உள்ளான் என்கிற சின்னக் கரைப்பறவைக்குப் பின்னால் வெறும் சேறுதான் தெரியும். கரையில் தாழ உட்கார்ந்து எடுத்தால், பறவையின் கண்மட்டத்துக்கு கேமரா வந்துவிடும். எதிர்க்கரை மங்கிப்போய், பறவை மட்டும் துலங்கி நிற்கும். காலையில் கிழக்குக் கரையில் இருங்கள், வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும். மங்கிய நிறச் சட்டை போதும். முதலில் எல்லாம் விலகிப் போகும். பொறுங்கள், அசையாமல் இருந்தால் அவையே திரும்பி வரும். சங்குவளை நாரை அலகைப் பாதி திறந்து தண்ணீருக்குள் விட்டு, இப்படியும் அப்படியும் துழாவும். மீன் பட்டதும் அலகு சட்டென்று மூடும். அது கண்ணால் பார்த்துப் பிடிப்பதில்லை, தொடுவுணர்வால் பிடிக்கிறது. இதைப் படமாக்கத்தான் இவ்வளவு பொறுமையும். நிற்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் 1/500 நொடி போதும், பறந்தால் 1/2000 வையுங்கள். வெயில் ஏறினால் தண்ணீருக்கு மேல் கானல் ஆடும், எந்த விலை லென்ஸானாலும் படம் தெளியாது.

பறவையைத் துரத்திக்கொண்டு நடப்பதைப் பற்றிப் பேசவே எனக்கு விருப்பமில்லை. குளிர்காலத்தில் வெகுதூரம் பறந்து வந்த பறவையை இரை தின்ன விடாமல் எழுப்பிவிடுவதுதான் அதில் நடக்கிறது. இதே மாவட்டத்து அஞ்செட்டி பக்கக் காடுகளில் அப்படி நடந்தால் யானை நடமாட்டமும் உண்டு. 2014இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் அங்கே இருக்கிறது. வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே கால் வைக்கக் கூடாது.

வெயில் தாங்காத பெரியவர்களோ குழந்தைகளோ கூட வந்தால் காரிலேயே இருங்கள். மற்றபடி கரைதான். அப்புறம், கூடு கண்ணில் பட்டால் காரிலிருந்தும் வேண்டாம், கரையிலிருந்தும் வேண்டாம். மறைக்கும் இலையை விலக்கினால் காகம் குஞ்சைப் பார்த்துவிடும்.