கலிஃபோர்னியா ரியல் எஸ்டேட் சேல்ஸ்பர்சன் தேர்வு: படித்த அனுபவமும், வேலைக்கு வந்த பிறகு தெரிந்ததும்

ஃப்ரீமான்ட் பக்கம் நம் ஆட்கள் யாராவது ரியல் எஸ்டேட் லைசென்ஸ் எடுக்க நினைத்தால் முதலில் கேட்பது, எந்த கொஸ்டின் பேங்க் வாங்கினால் பாஸ் ஆகலாம் என்றுதான். நான் பாஸ் செய்து, ஒரு புரோக்கரிடம் சேர்ந்து வேலை பார்க்க ஆரம்பித்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. தேர்வுக்குப் படித்தவற்றில் எது கைகொடுக்கிறது, எது மறந்துபோனது என்று இப்போது தெளிவாகச் சொல்ல முடியும். கொஸ்டின் பேங்க் தேவைதான். ஆனால் இந்தத் தேர்வை அது மட்டும் தாண்டவைக்காது. தாண்டவைத்தாலும், முதல் வீட்டை விற்கப் போகும்போது அது உங்களோடு வராது.

புதிதாகப் படிப்பவர்களுக்கு முதலில் அடிப்படை. கலிஃபோர்னியாவில் தேர்வை நடத்துவது மாநில ரியல் எஸ்டேட் துறை. எல்லோரும் டி.ஆர்.இ. என்போம். 18 வயது முடிந்திருக்க வேண்டும். தலா 45 மணி நேரம் வீதம் மூன்று பாடங்கள், மொத்தம் 135 மணி நேரம். ரியல் எஸ்டேட் பிரின்சிபிள்ஸ், ரியல் எஸ்டேட் பிராக்டிஸ் இரண்டும் கட்டாயம். மூன்றாவதை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். ஆன்லைனில் எவ்வளவு வேகமாகப் படித்தாலும் மூன்றையும் முடிக்கக் குறைந்தது 54 நாட்கள் ஆகும், விதி அப்படி. தேர்வில் 150 கேள்விகள், 3 மணி நேரம், 70 சதவீதம் வாங்கினால் பாஸ். அதாவது 105 சரியான விடைகள். ஒரு கேள்விக்கு 72 வினாடி கிடைக்கிறது. நேரம் பற்றாக்குறை என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. படித்துப் பார்த்த நான்கு விடைகளில் இரண்டு சரியாகத் தோன்றுவதுதான் எல்லோருக்கும் சிக்கல்.

மூன்றாவது பாடமாக நான் லீகல் ஆஸ்பெக்ட்ஸ் எடுத்தேன். யார் கேட்டாலும் அதையே எடுக்கச் சொல்வேன். சுலபமானது என்று வேறு ஏதாவது எடுத்தால் 45 மணி நேரம் கழிந்துவிடும், அவ்வளவுதான். சட்டப் பாடம் எடுத்தால் அந்த நேரம் அப்படியே தேர்வுக்கு உதவும்.

ஏன் என்பதற்கு டி.ஆர்.இ. வெளியிட்டிருக்கும் பாடவாரியான பங்கீட்டைப் பாருங்கள். தொழில் நடைமுறையும் டிஸ்க்ளோஷரும் (சொத்தைப் பற்றித் தெரிந்ததை வாங்குபவரிடம் வெளிப்படுத்துவது) 25 சதவீதம். ஏஜென்சி சட்டமும் (ஒருவர் சார்பில் ஏஜென்ட்டாக வேலை செய்வது பற்றியது) அதில் வரும் நம்பிக்கைக் கடமைகளும் 17. சொத்துரிமை, நிலப் பயன்பாட்டு விதிகள் 15. மதிப்பீடு, நிதிக் கணக்கு 14. ஒப்பந்தம் 12. கடன் 9. சொத்து கைமாறுதல் 8. முதல் இரண்டை மட்டும் கூட்டினாலே 42. "யாருக்கு என்ன சொல்ல வேண்டும், யாருக்காக உழைக்க வேண்டும்" என்பதைத்தான் கிட்டத்தட்ட பாதித் தேர்வு கேட்கிறது. ஆனால் எனக்குத் தெரிந்தவர்கள் பலர், கணக்கு வராது என்று பயந்து, பாதி நேரத்தைக் கணக்கிலேயே செலவழிக்கிறார்கள்.

ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். ஒரு வீட்டில் நான்கு வருடத்துக்கு முன் ஒருவர் தற்கொலை செய்துகொண்டார். வாங்க வருபவர் ஏஜென்ட்டிடம், "இந்த வீட்டில் யாராவது இறந்திருக்கிறார்களா?" என்று நேராகவே கேட்கிறார். ஏஜென்ட் என்ன செய்ய வேண்டும்? விடைகளில் ஒன்று, மூன்று வருடம் தாண்டிவிட்டதால் சொல்லத் தேவையில்லை என்கிறது. கொஸ்டின் பேங்கை மனப்பாடம் செய்தவர் கை நேராக அதற்குத்தான் போகும். கலிஃபோர்னியா சட்டப்படி மூன்று வருடத்துக்கு முந்தைய மரணத்தைத் தானாக முன்வந்து தெரிவிக்க வேண்டியதில்லை என்பது உண்மைதான். ஆனால் வாங்குபவர் நேரடியாகக் கேட்டுவிட்டால் பொய் சொல்ல அந்த விதி இடம் கொடுக்கவில்லை. உண்மையைச் சொல்வதுதான் சரியான விடை. "மூன்று வருடம்" என்ற எண் மட்டும் மனதில் இருந்தால் விடை தவறும். அந்த விதி யாரை எதிலிருந்து காப்பாற்றுகிறது என்று புரிந்திருந்தால் தவறாது. நம்மவர்கள் வீடு பார்க்கும்போது இந்தக் கேள்வியைக் கட்டாயம் கேட்பார்கள். வாஸ்து பார்ப்பவர்கள் முதல் நாளே கேட்பார்கள். தேர்வில் படித்து, வேலையில் நான் அப்படியே பயன்படுத்தியவற்றில் இதற்குத்தான் முதலிடம்.

அதே மாதிரி, ஒரே ஏஜென்ட் வாங்குபவர், விற்பவர் இருவருக்கும் வேலை செய்யும் இரட்டை ஏஜென்சி. சட்டம் இதை அனுமதிக்கிறது, ஆனால் இரு தரப்புக்கும் தெரிந்து, இருவரும் சம்மதித்திருக்க வேண்டும். விற்பவர் கேட்ட விலைக்குக் கீழே இறங்கத் தயார் என்பதை அவர் சம்மதம் இல்லாமல் வாங்குபவரிடம் சொல்லக் கூடாது. வாங்குபவர் இன்னும் ஏறுவார் என்பதை விற்பவரிடமும் சொல்லக் கூடாது. ஆனால் கூரை ஒழுகுகிறது என்று தெரிந்தால் அதைச் சொல்லியே ஆக வேண்டும். "ஆஸ் இஸ்" (இருக்கிற நிலையிலேயே) என்று எழுதி விற்றாலும் விதிவிலக்கு கிடையாது. விலை விஷயத்தில் வாயை மூடு, குறை விஷயத்தில் வாயைத் திற என்று நான் நோட்டில் எழுதிவைத்திருந்தேன். இந்தப் பகுதியில் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியிலேயே அடங்கிவிட்டன. ஏஜென்ட் தன் கண்ணாலேயே வீட்டைச் சுற்றிப் பார்த்துத் தெரிந்த குறைகளை எழுதித் தர வேண்டும் என்ற கடமை 1984-ல் ஈஸ்டன் எதிர் ஸ்ட்ராஸ்பர்கர் வழக்கிலிருந்து வந்தது. மண்சரிவு ஏற்பட்ட ஒரு வீட்டைப் பற்றிய வழக்கு அது. வழக்கின் கதை தெரிந்தால் விதி மறக்காது. பாடப்புத்தகத்தில் இரண்டு வரிதான் இருந்தது. நானாகத் தேடிப் படித்தேன். அந்த அரை மணி நேரம் வீண்போகவில்லை.

கணக்கு பயப்படும் அளவுக்கு இல்லை. வருடத்துக்கு 48,000 டாலர் நிகர வருமானம் தரும் கட்டடம், கேப் ரேட் (விலையில் நிகர வருமானம் எத்தனை சதவீதம் என்ற விகிதம்) 6 சதவீதம் என்றால் மதிப்பு 8 லட்சம் டாலர். கேப் ரேட் 8 ஆனால் 6 லட்சம். விகிதம் ஏறினால் விலை இறங்கும் என்பது புரிந்தால் பாதி கேள்வி முடிந்தது. கைமாற்று வரி ஆயிரம் டாலருக்கு 1.10 டாலர். வாங்குபவர் ஏற்றுக்கொள்ளும் பழைய கடனைக் கழித்துவிட்டு மீதிக்குத்தான் வரி. 9 லட்சத்துக்கு விற்று, அதில் 3 லட்சம் பழைய கடன் என்றால், 6 லட்சத்துக்கு 660 டாலர். ஒரு செக்‌ஷன் (நில அளவையில் ஒரு கட்டம்) 640 ஏக்கர், ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. இவ்வளவையும் ஒரு வாரக் கடைசியில் முடித்துவிடலாம். வேலைக்கு வந்த பிறகு செக்‌ஷன் கணக்கு ஒரு தடவைகூடத் தேவைப்படவில்லை. கேப் ரேட் அடிக்கடி தேவைப்படுகிறது.

ஃபேர் ஹவுசிங் (வீடு விற்பதில், வாடகைக்கு விடுவதில் பாகுபாடு கூடாது என்ற சட்டங்கள்) பகுதியைப் பலர் பொது அறிவு என்று தாண்டிப் போகிறார்கள். எனக்கு மொத்தப் படிப்பிலும் மனதைத் தொட்ட பகுதி அதுதான். 1913-ல் கலிஃபோர்னியா ஒரு சட்டம் போட்டது: குடியுரிமை பெறத் தகுதியற்ற அயல்நாட்டவர் விவசாய நிலம் வாங்க முடியாது. முதல் குறி ஜப்பானியர்கள்தான். ஆனால் இந்தப் பள்ளத்தாக்குகளில் உழுது கொண்டிருந்த பஞ்சாபி விவசாயிகளையும் அது பிடித்துக்கொண்டது. இன்ன இனத்தவருக்கு விற்கக் கூடாது என்று பத்திரத்தில் எழுதும் நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1948-ல்தான் சொன்னது. 1963-ல் மாநிலம், வீட்டு விஷயத்தில் பாகுபாட்டைத் தடுக்கும் ரம்ஃபோர்ட் சட்டத்தைக் கொண்டுவந்தது. அடுத்த வருடமே வாக்காளர்கள் அதை முடக்கும் திருத்தத்துக்கு ஓட்டுப் போட்டார்கள். அந்தத் திருத்தத்தை 1967-ல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. 1968-ல் நாடு முழுமைக்குமான சட்டம் வந்தது.

தேர்வுக்கு இந்த வருடங்களை வரிசையாக நினைவில் வைத்தால் போதும். ஆனால் வேலையில், 1940-களில் கட்டிய ஒரு குடியிருப்பில் வீடு பார்த்தபோது, டைட்டில் ரிப்போர்ட்டோடு (சொத்தின் உரிமை விவர அறிக்கை) வந்த பழைய நிபந்தனைத் தாளில், வெள்ளையர் அல்லாதவர் இங்கே குடியிருக்கக் கூடாது என்ற வரி இருந்தது. வீட்டு வேலைக்காரராக இருந்தால் மட்டும் விதிவிலக்காம். மேலே, இந்த நிபந்தனை செல்லாது என்ற அறிவிப்புத் தாள் இணைத்திருந்தார்கள். வாங்க வந்திருந்த தம்பி கோயம்புத்தூர்க்காரர். தாளைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு, "அக்கா, இதுல கையெழுத்துப் போட்டா நாம இத ஒத்துக்கிட்ட மாதிரி ஆகாதா?" என்று கேட்டார். ஆகாது என்று சட்டத்தோடு சொல்ல முடிந்தது. அந்த வரியை நீக்கச் சொல்லி கவுன்டி ரெக்கார்டரிடம் (பத்திரங்களைப் பதியும் அலுவலர்) விண்ணப்பிக்க வழி இருப்பதையும் சொன்னேன். விண்ணப்பித்தார். 2024 முதல் பிராக்டிஸ் பாடத்தில் ஃபேர் ஹவுசிங்கும், நம்மை அறியாமல் நமக்குள் இருக்கும் சார்பு பற்றிய பகுதியும், நடித்துப் பார்க்கும் பயிற்சியும் கட்டாயமாகியிருக்கின்றன. கடமைக்குக் கிளிக் செய்து தாண்டாதீர்கள். "நம்ம ஆளுங்க அதிகம் இருக்கிற ஏரியாவா காட்டுங்க" என்று நம் மக்களே கேட்பார்கள். அதற்கு எப்படிப் பதில் சொல்வது என்று அந்தப் பயிற்சிதான் பழக்கிவிடுகிறது. பள்ளி, பயண நேரம், விலை இவற்றைப் பேசலாம். யார் குடியிருக்கிறார்கள் என்று பார்த்து ஏரியாவை வடிகட்டித் தரக் கூடாது.

இப்போது படிப்புச் சாதனங்கள். நான் பணம் கட்டி எடுத்த ஆன்லைன் வகுப்பு பரவாயில்லை. வீடியோக்கள் தெளிவு, தேர்வு போன்ற பயிற்சித் தாள்கள் நிறைய. ஆனால் அதோடு வந்த கொஸ்டின் பேங்கில் சட்டம் பழையது. வாடகை அட்வான்ஸ் காலி வீட்டுக்கு இரண்டு மாதம், சாமான்களோடு கூடிய வீட்டுக்கு மூன்று மாதம் என்றே இருந்தது. 2024 ஜூலை 1 முதல் பொதுவாக ஒரு மாத வாடகைதான் வாங்கலாம். இரண்டு வாடகைச் சொத்துக்களுக்கு மேல் இல்லாத, மொத்தம் நான்கு யூனிட்டைத் தாண்டாத சிறு உரிமையாளருக்கு மட்டும் இரண்டு மாதம். நான் எழுதிக் கேட்டதற்கு, அடுத்த பதிப்பில் திருத்துகிறோம் என்று பதில் வந்தது. காசு வாங்கிக்கொண்டு பழைய சட்டத்தை மனப்பாடம் செய்யவைப்பது அநியாயம். எந்த கொஸ்டின் பேங்க் வாங்கினாலும், முதலில் இந்த ஒரு கேள்வியைத் தேடிப் பாருங்கள். அது புதுப்பித்ததா இல்லையா என்று உடனே தெரிந்துவிடும்.

டி.ஆர்.இ.யின் ரெஃபரன்ஸ் புக் அதன் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. பெரிய புத்தகம், நடை வறண்டது, முழுவதும் படிக்கத் தேவையில்லை. ஏஜென்சி, டிஸ்க்ளோஷர், டிரஸ்ட் ஃபண்ட் (வாடிக்கையாளர் பணத்தைக் கையாளுவது) அத்தியாயங்களை மட்டும் நிதானமாகப் படித்தால் போதும். கொஸ்டின் பேங்கில் ஒரு விடை தவறினால், சரியான விடையைப் பார்த்துவிட்டு நகராமல், மற்ற மூன்றும் ஏன் தவறு என்று இந்தப் புத்தகத்தை வைத்து ஒரு வரி எழுதுவேன். ஒரு நாளைக்கு முப்பது கேள்விதான் முடியும். நூறு செய்வதைவிட அந்த முப்பது மேல். அப்புறம் பார்த்தால் பயிற்சித் தாள் மதிப்பெண் தானாக ஏறியது.

கடன் பகுதியில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். கலிஃபோர்னியாவில் வீட்டுக் கடனுக்கு ஈடாக எழுதும் பத்திரம் பெரும்பாலும் டீட் ஆஃப் டிரஸ்ட்தான். கடன் வாங்கியவர், கொடுத்தவர், நடுவில் டிரஸ்டி என்று மூன்று பேர். தவணை தவறினால் கோர்ட்டுக்குப் போகாமலே டிரஸ்டி விற்கலாம். நோட்டீஸ் ஆஃப் டிஃபால்ட் (தவணை தவறியதற்கான அறிவிப்பு) பதிந்து மூன்று மாதம், பிறகு ஏல அறிவிப்பு, அதன் பின் ஏலம். இதை ஒரு தாளில் படமாகப் போட்டுக்கொண்டால் நன்றாக நிற்கும்.

தேர்வு மையங்கள் ஓக்லாண்ட், சாக்ரமென்டோ, ஃப்ரெஸ்னோ, லா பால்மா, சான் டியேகோவில் இருக்கின்றன. தேதியை ஆன்லைனில் தேர்ந்தெடுக்கலாம். அருகில் இடம் இல்லாவிட்டால் தினமும் காலையில் ஒருமுறை பாருங்கள், யாராவது மாற்றிக்கொண்டால் இடம் திறக்கும். எனக்கு ஓக்லாண்ட் அப்படித்தான் கிடைத்தது. பாஸ் ஆனவருக்கு மதிப்பெண் சொல்ல மாட்டார்கள். தவறியவருக்குத்தான் சதவீதமும் எந்தப் பாடத்தில் எவ்வளவு என்ற விவரமும் வரும். தவறினால் இடிந்துபோகாதீர்கள், விண்ணப்பித்த இரண்டு வருடத்துக்குள் கட்டணம் கட்டி எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். கையில் வரும் அந்தத் தாளே அடுத்த முறைக்கான பாடத்திட்டம்.

தேர்வு சொல்லித்தராதவையும் உண்டு. வாடிக்கையாளர் எங்கிருந்து வருவார், ஆஃபர் எப்படி எழுதுவது, எஸ்க்ரோவில் (விற்பனை முடியும் வரை பணத்தையும் பத்திரங்களையும் நடுநிலையாளர் வைத்திருக்கும் கட்டம்) ஒரு தேதி தள்ளினால் யாருக்கு முதலில் போன் செய்வது, இதெல்லாம் புரோக்கர் அலுவலகத்தில்தான் கற்றேன். வாங்குபவரோடு எழுத்து ஒப்பந்தம் போடுவது 2025 ஜனவரி முதல் மாநிலச் சட்டமாகவே ஆகிவிட்டது. வாங்குபவர் தனிநபர் என்றால் அந்த ஒப்பந்தம் மூன்று மாதத்துக்கு மேல் போகக் கூடாது. என் பாடப்புத்தகத்தில் இது இல்லை. அதனால் புரோக்கரைத் தேர்ந்தெடுக்கும்போது கமிஷன் பங்கீட்டை மட்டும் பார்க்காமல், முதல் சில ஒப்பந்தங்களில் கூட உட்கார்ந்து பார்ப்பாரா என்று கேளுங்கள். புரோக்கர் இல்லாமல் லைசென்ஸை வைத்து எந்த வேலையும் செய்ய முடியாது.

செலவு விஷயம்: தேர்வுக்கு 100 டாலர், லைசென்ஸுக்கு 350 டாலர், இரண்டும் 2024 ஜூலையில் ஏறியவை. கைரேகைக்கு 49 டாலரும், எடுக்கும் கடையின் கட்டணமும் தனி. தேர்வுக்கும் லைசென்ஸுக்கும் சேர்த்தே விண்ணப்பித்து, கைரேகையையும் முன்பே கொடுத்துவிட்டால், பாஸ் ஆன பிறகு காத்திருப்பது குறையும். தனித்தனியாகச் செய்பவர்கள் பாஸ் ஆன ஒரு வருடத்துக்குள் லைசென்ஸுக்கு விண்ணப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி தேர்வு. ஹெச்-4 விசாவில் (ஹெச்-1பி-யில் வேலை செய்பவரின் குடும்பத்தினருக்கானது) இருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: லைசென்ஸ் கிடைப்பது வேறு, வேலை பார்க்க அனுமதி இருப்பது வேறு. வேலை அனுமதி அட்டையான ஈ.ஏ.டி. கையில் வராமல் கமிஷன் வாங்கும் வேலையில் இறங்க வேண்டாம். லைசென்ஸ் நான்கு வருடம் செல்லும், புதுப்பிக்க 45 மணி நேரத் தொடர்கல்வி வேண்டும்.