வேலையிட மோதலைக் கண்டுபிடிக்க நேவிஸ்வொர்க்ஸா, சிங்க்ரோவா?

இரண்டுமே கட்டடத்தின் முப்பரிமாண மாதிரியை வேலை அட்டவணையோடு இணைத்துப் பார்க்கும் மென்பொருள்கள். குழாய் உத்திரத்தில் இடிக்கிறதா என்று பார்க்க மட்டும் என்றால் நேவிஸ்வொர்க்ஸே போதும். அதில் விவாதம் இல்லை. அடுக்குமாடிக் கட்டுமானத்தில் எங்களைப் படுத்துவது ஒரே இடத்துக்கு ஒரே நாளில் வந்து ஆட்கள் இடித்துக்கொள்வதுதான்.

சென்ட்ரிங் முட்டுகளையே, அதாவது கான்கிரீட் இறுகும்வரை அதைத் தாங்கி நிற்கும் தற்காலிகக் கால்களையே எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண சிமென்டுக்கு, கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456 சொல்வதுபடி, தாங்கிகளுக்கு இடையே 4.5 மீட்டர் வரை நீளும் கான்கிரீட் தளத்துக்கு அடியில் முட்டு 7 நாள் நிற்க வேண்டும். அதைத் தாண்டினால் 14 நாள். 6 மீட்டரைத் தாண்டும் உத்திரத்துக்கு 21 நாள். கட்டடத்தின் முப்பரிமாண மாதிரியில் அந்த முட்டுகளைப் பெரும்பாலும் யாரும் வரைவதில்லை. வேலைகளின் தேதிகளைக் காட்டும் பார் சார்ட்டோ அதே மாடியில் சுவர் கட்டக் கொத்தனார்களை அனுப்பச் சொல்லும்.

ஆகவே ஒவ்வொரு வேலைக்கும் வேண்டிய வெற்றிடத்தை மாதிரியில் பெட்டியாக வரைகிறோம். முட்டுக்கு ஒன்று, கொத்தனாருக்கும் சாரத்துக்கும் ஒன்று, டவர் கிரேன் தூக்கும் பாதைக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தேதி உண்டு. ஒரே நாளில் இரண்டு பெட்டிகள் வெட்டிக்கொண்டால் சிக்கல். பெட்டி எவ்வளவு பெரிது என்பதை மட்டும் மேஸ்திரியிடம்தான் கேட்க வேண்டும்.

நேவிஸ்வொர்க்ஸ் மேனேஜ் பதிப்பில் இது முடியும். அதன் அட்டவணைப் பகுதியான டைம்லைனரில் 'டெம்பரரி' (தற்காலிக) வகையாகச் சேர்த்த பெட்டி, வேலை தொடங்கும்போது தோன்றி முடிந்ததும் மறையும். மோதலைத் தேடும் கருவியான கிளாஷ் டிடெக்டிவை அதோடு இணைத்துவிடலாம். நேவிஸ்வொர்க்ஸைத் தயாரிக்கும் ஆட்டோடெஸ்கின் ஏ.இ.சி. என்ற கட்டடத்துறை மென்பொருள் தொகுப்பை வாங்கிய அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கும் என்பதால் தனிச் செலவும் இல்லை.

இருந்தும் நாங்கள் தேர்ந்தெடுத்தது 2018 முதல் பென்ட்லி நிறுவனத்திடம் இருக்கும் சிங்க்ரோவைத்தான். காரணம் பராமரிப்பு. முதல் முறை பெட்டி வரைவது எதில் செய்தாலும் ஒரே பாடுதான். மழை பெய்தோ கம்பி வராமலோ திட்டம் மாறும் வாரத்தில்தான் வித்தியாசம் தெரியும். தேதி மட்டும் நகர்ந்தால் இரண்டும் சமாளிக்கும். ஆனால் ஒரே மாடியை இரு குழுக்களுக்குப் பிரித்துக் கொடுத்தால், நேவிஸ்வொர்க்ஸில் பார்க்கும் பெட்டியை, மாதிரி வரையும் மென்பொருளான ரெவிட்டுக்குத் திரும்பிப்போய் வெட்டி, மறுபடி ஏற்றி, புதிய வேலைகளோடு இணைக்க வேண்டும். ரெவிட் தெரிந்தவர் வரைவுப் பிரிவில் இருப்பார். கட்டுமான இடத்து அலுவலகத்தில் இருக்க மாட்டார். சிங்க்ரோவில் அட்டவணையும் பெட்டியும் ஒரே இடத்தில் இருக்கின்றன. திட்டப் பொறியாளரே பெட்டியைப் பிரித்து, வேலையோடு கட்டி, வாராந்தரக் கூட்டத்துக்கு முன் சோதித்துவிடுகிறார். புதுப்பிக்காத மாதிரி போன வாரத்து மோதலைத்தான் காட்டும்; அதற்கு வண்ணம் தீட்டிய தரைப்படமே மேல்.

கற்க நாளாகும் என்பது சிங்க்ரோவின் குறை. பொய் எச்சரிக்கைகள் இரண்டிலும் கொட்டும்: எலக்ட்ரீசியனும் பிளம்பரும் ஒரே அறையில் சண்டையின்றி வேலை பார்ப்பார்கள், மென்பொருள் சிவப்பு காட்டும். எந்த ஜோடிகளைச் சோதிப்பது என்று முதலிலேயே சுருக்கிவிடுங்கள்.

என் அனுபவம் குடியிருப்புக் கட்டடங்களோடு சரி. பாலம், சுரங்கப் பணிகளுக்கு இதே முடிவைச் சொல்லத் துணிய மாட்டேன். ஒரே கட்டடம், சில மாத வேலை, கூடவே ரெவிட் தெரிந்த ஆள் இருக்கிறார் என்றால், கையில் இருக்கும் நேவிஸ்வொர்க்ஸை விட்டு வேறு வாங்க வேண்டாம்.