‘ஏபோ’ என்று சொல்லி விற்றார்கள். ரிகலைச் சுற்றி ஊதா வட்டம்

டெலஸ்கோப் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் பணம் அனுப்புங்கள்.

போன டிசம்பரில் 102 மில்லிமீட்டர் விட்டமுள்ள லென்ஸ், 500 மில்லிமீட்டர் குவியத் தூரம் கொண்ட டெலஸ்கோப் ஒன்று வாங்கினேன். “இது ஏபோ சார், நிறமே பிரியாது” என்று விற்றவர் போனில் இரண்டு தடவை சொன்னார். ஏபோ என்றால் அபோக்ரோமேட், நிறம் பிரியாதபடி செய்த உயர்வகை லென்ஸ். நம்பி 46,000 ரூபாய் கொடுத்தேன்.

முதல் இரவே மொட்டை மாடியில் ரிகல் என்ற பிரகாசமான நீல நட்சத்திரத்தைப் பார்த்தேன். கூர்மையான புள்ளியாகத் தெரிய வேண்டிய நட்சத்திரத்தைச் சுற்றி ஊதாப் புகை. எப்படி ஃபோகஸ் செய்தும் போகவில்லை. ரிகலை ஒட்டி, 9 ஆர்க் செகண்ட் (ஒரு டிகிரியை 3,600 பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு ஆர்க் செகண்ட்) தள்ளி, மங்கலான துணை நட்சத்திரம் ஒன்று உண்டு. அதைப் பார்க்கும் ஆசையில்தான் வாங்கினேன். அது ஊதாவில் மூழ்கிப் போயிருந்தது. திருவாதிரையில் இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. அது சிவந்த நட்சத்திரம், ஒளியில் நீலம் குறைவு.

விற்றவரைக் கேட்டால், காற்று மண்டலம் என்றார். அடிவானத்துக்கு அருகே காற்றும் நிறத்தைப் பிரிக்கும், உண்மைதான். ஆனால் அப்போது ஒரு பக்கம் நீலமும் எதிர்ப்பக்கம் சிவப்பும் தெரியும். ரிகல் நல்ல உயரத்தில் இருந்தது. ஊதா சுற்றிலும் ஒரே சீராக இருந்தது. அப்புறம் ஐபீஸ்தான் (கண் வைத்துப் பார்க்கும் சிறு லென்ஸ்) காரணம் என்றார். வேறொன்றை மாட்டினேன், அதே ஊதா. அதன்பின் போனை எடுக்கவே இல்லை.

கண்ணாடி, சிவப்பைவிட நீலத்தை அதிகமாக வளைக்கும். அதனால் நீலம் லென்ஸுக்குக் கிட்டத்திலேயே குவிந்துவிடும். இருவகைக் கண்ணாடி சேர்த்த சாதாரண அக்ரோமேட் இரண்டு நிறங்களை ஓரிடத்தில் சேர்க்கும். ஊதா வெளியே சிதறும். அசல் ஏபோ மூன்று நிறங்களைச் சேர்க்கும். அக்ரோமேட்டில் ஊதா தொந்தரவு செய்யாமலிருக்க, எஃப் எண் (குவியத் தூரத்தை லென்ஸ் விட்டத்தால் வகுத்தால் வருவது) விட்டத்தின் அங்குலத்தைப்போல 3 மடங்காவது வேண்டும் என்பது பழைய கணக்கு. என் லென்ஸின் 102 மில்லிமீட்டர், அதாவது 4 அங்குலத்துக்கு எஃப் 12, அதாவது சுமார் 1,200 மில்லிமீட்டர். என்னுடையது எஃப் 5!

அட்டையில் 50 மில்லிமீட்டர் துளை போட்டு லென்ஸின் முன்னால் வைத்தேன். எஃப் 10 ஆனதும் ஊதா பெரும்பாலும் அடங்கியது, ஆனால் வெளிச்சம் கால்வாசிதான். கருவியே மோசம் என்று சொல்ல மாட்டேன்; குறைந்த உருப்பெருக்கத்தில் கார்த்திகைக் கூட்டம் அழகாகத் தெரிகிறது. அக்ரோமேட் என்று சொல்லி, அக்ரோமேட் விலைக்கு விற்றிருக்க வேண்டும்.

முடிந்தால் சிரியஸையோ ரிகலையோ பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். என்ன கண்ணாடி என்பதையும் எழுத்தில் கேளுங்கள். என் பில்லில் ‘102/500 டெலஸ்கோப்’ என்று மட்டும் இருக்கிறது. ஏபோ என்ற சொல் எங்குமே இல்லை.