ஷமோனி பள்ளத்தாக்கு: 'எளிது' என்று எழுதித் தந்த வழித்தடத் திட்டத்தில் 780 யூரோ போயிற்று

நேற்றிரவு, எங்களுக்கு வழித்தடத் திட்டம் விற்ற நிறுவனத்திடமிருந்து கடைசி மின்னஞ்சல் வந்தது. "உங்கள் கோரிக்கை முடித்துவைக்கப்பட்டது" என்ற ஒரே வரி. 780 யூரோ திரும்பி வராது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்; ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் பிரான்சின் ஷமோனிக்குச் செல்வதற்காக இப்போது வழித்தடம் தேடிக்கொண்டிருப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன்பு இதைப் படித்துவிட வேண்டும்.

வங்கியில் புகார் நிலுவையில் இருப்பதால் பெயரைக் குறிப்பிடவில்லை. வகையை மட்டும் சொல்கிறேன். ஆல்ப்ஸ் பள்ளத்தாக்குகளில் நடப்பதற்கும் ஏறுவதற்கும் 'உங்களுக்கென்றே வகுத்த' வழித்தடத் திட்டத்தைத் தயாரித்து, அதோடு வழிகாட்டியையும் கருவிகளையும் சேர்த்து விற்கும் இணையதளம் அது.

நான் ஏமாந்த இடம் எது என்று எனக்குத் தெளிவாகத் தெரியும். ஏப்ரலில் நடந்த காணொளி அழைப்பில், அவர்களுடைய 'வழித்தட ஆலோசகர்' நிலப்படத்தைத் திரையில் விரித்து, சமஉயரக் கோடுகள் நெருங்கும் இடங்களையும் விலகும் இடங்களையும் காட்டிப் பொறுமையாக விளக்கினார். பிறகு, என் தந்தையின் வயதைக் கேட்டார். அறுபத்துநான்கு என்றேன். இடது முழங்கால் ஏறும்போது வலிக்குமா, இறங்கும்போது வலிக்குமா என்று கேட்டார். இறங்கும்போது என்று அப்பாவே பதில் சொன்னார். ஆலோசகர் தலைகுனிந்து அதைக் குறித்துக்கொண்டார். இவ்வளவு விசாரிப்பவர் நம்மைத் தவறான பாதையில் அனுப்பமாட்டார் என்று நானும் நினைத்தேன், அக்காவும் நினைத்தாள். அழைப்பு முடிந்து ஐந்து நிமிடங்களில் 780 யூரோவைக் கட்டிவிட்டேன். அந்த முழங்கால் கேள்விக்குத்தான் அந்தப் பணத்தைக் கொடுத்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

வந்த திட்டத்தில் இரண்டு நாட்கள் இருந்தன. இரண்டிலும் 'எளிது, குடும்பத்துக்கு ஏற்றது' என்று அச்சிட்டிருந்தது. முதல் நாள் வழிகாட்டி இல்லாமல் நாங்களே நடக்க வேண்டியது: த்ரே லெ ஷாம் என்ற சிற்றூரிலிருந்து 2,352 மீட்டர் உயரத்தில் உள்ள லாக் பிளாங்க் ஏரிக்கு. அந்தப் பாதையின் இடையில், பாறைச் சுவரில் ஒன்றன்மேல் ஒன்றாக இரும்பு ஏணிகள் பதித்திருக்கிறார்கள் என்ற செய்தி திட்டத்தின் பதினொரு பக்கங்களில் எங்குமே இல்லை. முதல் ஏணியில் ஆறு படிகள் ஏறிய அப்பா, இடது காலை மடக்க முடியாமல் இரு கைகளாலும் கம்பியைப் பற்றிக்கொண்டு சிறிது நேரம் அப்படியே நின்றுவிட்டு, மெதுவாக இறங்கி வந்தார். கேபிள் கார் இயங்கும் நாட்களில் 1,877 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஃப்ளெஜேர் நிலையத்திலிருந்து இதே ஏரிக்கு ஏணிகளில் ஏறாமலே நடந்து போகலாம் என்பதைப் பிறகுதான் அறிந்தோம். முழங்காலைப் பற்றிக் கேட்ட மனிதர் இந்த இரண்டில் எதைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும்?

இரண்டாம் நாள்தான் என்னால் இன்னும் மறக்க முடியாதது. 1,035 மீட்டரில் இருக்கும் ஊரிலிருந்து கேபிள் கார் சுமார் இருபது நிமிடங்களில் 3,842 மீட்டர் உயரமுள்ள எகுய் து மிதி சிகரத்துக்கு ஏற்றிவிடுகிறது. திட்டத்தின்படி அங்கிருந்து 'பனிவெளியில் இதமான நடை'. உண்மையில் அது வெடிப்புகள் நிறைந்த பனியாற்றின்மீது கயிறு கட்டிக்கொண்டு போகும் வழி. நிலையத்திலிருந்து வெளியேறும் பனிச்சுரங்கத்தின் வாயைத் தாண்டினாலே, ஒரு புறம் ஷமோனியை நோக்கிச் செங்குத்தாகச் சரியும் குறுகிய பனிமுகட்டில்தான் காலை வைக்க வேண்டும். அவர்கள் அனுப்பிய இளைஞர் சுரங்கத்துக்குள் எங்களை உட்காரவைத்து, அப்பாவின் மெல்லிய நடைக்காலணியின்மேல் கிராம்பானை, அதாவது பனியில் வழுக்காமலிருக்கக் காலணியில் மாட்டும் இரும்பு முட்சட்டத்தை, வாரால் இறுக்கினார். அப்பா எழுந்து இரண்டடி வைத்தார். வலது காலின் கிராம்பான் குதிகாலிலிருந்து நழுவிப் பக்கவாட்டில் திரும்பி, அதன் முட்கள் பனியைக் கீறியபடி இழுபட்டன. இளைஞர் மண்டியிட்டு மறுபடியும் இறுக்கினார். மறுபடியும் நழுவியது. மெல்லிய அடிப்பாகம் வளைந்துகொடுக்கும் காலணியில் அது நிற்காது என்பது எனக்கே அப்போது புரிந்துவிட்டது.

அருகில் தன் குழுவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்த, நெஞ்சில் வட்டச் சின்னம் அணிந்த ஒரு வழிகாட்டி, அப்பாவின் காலணியைப் பார்த்துவிட்டு எங்கள் இளைஞரிடம் பிரெஞ்சில் ஏதோ கேட்டார். இளைஞரின் முகம் சிவந்தது. அதன் பிறகே எனக்கு அவருடைய தொழில் அட்டையைக் கேட்கத் தோன்றியது. அவர் 'நடுமலைத் துணைவர்' தகுதி பெற்றவர். பிரான்சில் அந்தத் தகுதி உள்ளவர்கள் மலைப்பாதைகளில் மக்களை அழைத்துச் செல்லலாம். பனியாற்றிலோ, கயிறு தேவைப்படும் இடத்திலோ ஊதியத்துக்கு அழைத்துச் செல்ல அவர்களுக்கு அனுமதியே கிடையாது. அதற்கு 'உயர்மலை வழிகாட்டி' என்ற தனித் தகுதி வேண்டும். முந்தைய நாள் இரவுதான் தன்னை அழைத்தார்கள் என்று சொன்ன அந்த இளைஞர்மீது எனக்குப் பெரிய கோபம் இல்லை.

"போதும்ப்பா, இறங்கிடலாம்" என்றேன். "காசு கட்டியாச்சே, பாதியில திரும்பினா எப்படி?" என்றார் அப்பா. என்னுடைய 780 யூரோ வீணாகக் கூடாது என்பதற்காக அந்த மனிதர் நழுவும் கிராம்பானோடு அந்த முகட்டில் நடக்கத் தயாராக நின்றார். அதை நினைக்கும்போதுதான் உடம்பு நடுங்குகிறது.

இந்த 'எளிது' எங்கிருந்து வந்தது என்று பிறகு விளங்கியது. பிரெஞ்சு மலையேற்றத் தரவரிசையின் மிகக் கீழ்ப் படிக்கு 'ஃபசீல்' என்று பெயர். அதன் அகராதிப் பொருள் எளிது. ஆனால் அது கயிறும் கிராம்பானும் பனிக்கோடரியும் கைவந்த மலையேறிக்கு எளிது. அதற்கு அடுத்த படியிலேயே, மோன் பிளாங்க் உச்சிக்குப் போகும், கற்கள் உருண்டு விழுந்து பலருடைய உயிரைப் பறித்திருக்கும் கூத்தே வழி வந்துவிடுகிறது. நடைப்பாதைகளுக்கு டி1 முதல் டி6 வரையிலான சுவிஸ் அளவு போன்றவை தனியாக இருக்கின்றன. இவர்கள் இரண்டு அளவுகளையும் ஒரே பட்டியலில் கலந்து, மலையேறியின் 'எளிது' என்பதை என் தந்தையின் 'எளிது' ஆக்கிவிட்டார்கள். அகராதி போதும் என்று நினைத்தவர்களுக்கு நிலப்படம் எதற்கு?

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது முதலில் தானியங்கிப் பதில் வந்தது. இரண்டாவது பதில், வழிகாட்டிகள் தங்கள் ஊழியர்கள் அல்லர், தாங்கள் 'இணைத்துவைப்பவர்கள்' மட்டுமே என்றது. நிலப்படத்தை விரித்துக் காட்டிய ஆலோசகர் 'வேறு பிரிவுக்கு மாற்றப்பட்டுவிட்டார்'. மூன்றாவது பதில்தான் உச்சம்: வாடிக்கையாளர் தாமாகவே திரும்பிவிட்டதால் சேவை வழங்கப்பட்டதாகவே கருதப்படும். தகுதியில்லாத வழிகாட்டியோடு பனியாற்றில் இறங்காததற்கு எங்களுக்கு அபராதம் 780 யூரோ! நான் எழுதிய விமர்சனத்தையும் இரண்டு மணி நேரத்தில் நீக்கிவிட்டார்கள்.

வயிறு எரிவது இதற்காகத்தான்: ஷமோனி தேவாலயத்தின் அருகே 'மலை இல்லம்' என்ற கட்டடத்தில் உயர்மலைத் தகவல் அலுவலகம் இருக்கிறது. எந்தப் பாதையில் பனி கிடக்கிறது, எது திறந்திருக்கிறது என்பதையெல்லாம் அங்கே இலவசமாகச் சொல்கிறார்கள். மலையேறித் திரும்பியவர்கள் நிலவரத்தை எழுதிவைக்கும் குறிப்பேடுகளும் உண்டு. மூன்றாம் நாள் அங்கே போனோம். அங்கிருந்த பெண்மணி எங்கள் காலணிகளைப் பார்த்தார், அப்பாவின் முழங்காலைப் பற்றிக் கேட்டார், ஜூன் மூன்றாம் வாரத்தில் மேலே இன்னும் பனி கிடப்பதால் ஏரியே வேண்டாம் என்றார், பள்ளத்தாக்கின் வெயில் படும் சரிவில் தாழ்வாகச் செல்லும் பெத்தி பால்கோன் சூத் பாதையைக் காட்டினார். எல்லாம் பத்து நிமிடம்தான். அப்பா அதில் மூன்று மணி நேரம் மகிழ்ச்சியாக நடந்தார்.

விரிவான ஆலோசனைகள் எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். இப்போது அதற்கு மனம் ஓடவில்லை. இவற்றை மட்டும் செய்யுங்கள். பனியாறு என்ற சொல் திட்டத்தில் இருந்தால், பணம் கட்டும் முன்பே வழிகாட்டியின் பெயரையும் தொழில் அட்டையையும் கேளுங்கள். 'பிறகு தெரிவிப்போம்' என்றால் விட்டுவிடுங்கள். தரம் எந்த அளவின்படி என்று எழுத்தில் வாங்குங்கள். ஏணி, சங்கிலி, பனி உண்டா என்று நேரடியாகக் கேளுங்கள். அழைப்புகளைப் பதிவு செய்துகொள்ளுங்கள், நான் செய்யவில்லை. முழுத் தொகையையும் முன்பணமாகக் கட்டாதீர்கள். வங்கிக்கு அனுப்ப வேண்டிய கடிதத்தை இன்றிரவே முடித்தாக வேண்டும். பதினொரு பக்கத் திட்டத்தில் 'எளிது' என்று வரும் இடங்களையெல்லாம் அக்கா சிவப்பு மையால் வட்டமிட்டுக்கொண்டிருக்கிறாள்.